கடைக்காரர் போட்டுக்கொடுத்த முகவரி

புது ஆண்ட்ராய்டு போன் வாங்கும்போது கடையில் ஒரு சின்ன உரையாடல் நடக்கும். "மெயில் ஐடி இருக்காண்ணே?" என்று கடைப்பையன் கேட்பான். "அதெல்லாம் இல்லப்பா" என்பார் வாங்க வந்தவர். "சரி, நானே போட்டுடறேன்." இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பெயர், அதன் வாலாக மொபைல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பாஸ்வேர்டாக அதே பெயரோடு ஒன்று இரண்டு மூன்று. பில்லின் பின்பக்கம் அதைக் கிறுக்கிக் கொடுப்பான். பில் பீரோவுக்குப் போகும், அல்லது எங்கேயோ போகும். யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் வரும், போன் நன்றாகத்தான் இருக்கும். தன் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி பிறந்திருப்பது அவருக்கு ரொம்ப நாள் தெரியாது. மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் வரும்போதுதான் அந்த பில்லைத் தேடுவார்.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்னஞ்சல் வந்து சேர்ந்த வழி இதுதான். அலுவலக மேசையில் இருந்த மின்னஞ்சல் பிறகு போனுக்குள் புகுந்தது என்பது வேறு ஊர்களின் கதை. இங்கே போன்தான் மின்னஞ்சலைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது. அதனால் அது நமக்குக் கடிதமாக அறிமுகமாகவில்லை. ரேஷன் கார்டு எண், ஆதார் எண் மாதிரி, எங்காவது கேட்டால் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒரு எண்ணாக அறிமுகமானது. மொபைல் மெயிலில் நாம் படும் பாட்டில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புகிறது.

அந்த வேறு ஊர்க் கதையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1971இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலைப்பின்னல் வழியாக முதல் மின்னஞ்சலை அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட, விசைப்பலகையில் சும்மா கிடந்த @ குறியை எடுத்துக்கொண்டார். அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டு, மின்னஞ்சல் என்றால் மேசை, நாற்காலி, அலுவலகம். அதைச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தது கனடாவின் வாட்டர்லூ நகரத்து ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம். 1999இல் அவர்கள் கொண்டுவந்த பிளாக்பெர்ரி பேஜர் மாதிரி இருந்தது. அதில் பேச முடியாது. 2002இல் வந்த மாடலில்தான் பேச்சு சேர்ந்தது, அதற்கும் ஹெட்செட் மாட்டிக்கொள்ள வேண்டும். அப்படியும் வக்கீல்களும் வங்கி அதிகாரிகளும் அதை இடுப்பிலிருந்து கழற்றவில்லை.

காரணம், அதுவரை மெயில் பார்ப்பது என்பது நாமே தபால் ஆபீசுக்கு நடந்து போய் "எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்பது போலத்தான் இருந்தது. நம் கணினி, மெயில்களைச் சேர்த்து வைக்கும் சர்வரிடம் போய்க் கேட்கும், இருந்தால் இறக்கிக்கொள்ளும். பிளாக்பெர்ரியோ தபால்காரரை வாசலுக்கே அனுப்பிவைத்தது. அலுவலக சர்வரில் மெயில் விழுந்த சில நொடிகளில் இடுப்பில் இருக்கும் கருவி அதிரும். 'கிராக்' என்ற போதைப்பொருளின் பெயரை ஒட்டி அமெரிக்கர்கள் அதற்கு 'கிராக்பெர்ரி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்டு அகராதி 2006இன் சொல்லாக அதையே தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் அந்தக் கருவி பெரிய கம்பெனிகளின் மேல்மாடியைத் தாண்டி அதிகம் இறங்கவில்லை. 2010இல் வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் அதன் செய்திகளைப் பார்க்க வழி கொடு, இல்லையென்றால் நிறுத்து என்று மத்திய அரசு மல்லுக்கு நின்றபோதுதான் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்தது. பழைய பிளாக்பெர்ரி சேவைகள் 2022 ஜனவரி 4ஆம் தேதி அணைந்தன.

நம் பக்கத்தில் அந்தக் காலம் பிரவுசிங் சென்டர் காலம். 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து, ஹாட்மெயிலும் யாஹூவும் ரெடிஃப்மெயிலும் திறந்தவர்கள் ஒரு தலைமுறை. வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய மெயிலைப் பிரிண்ட் எடுத்து மடித்து அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு மின்னஞ்சல் கடிதம்தான். ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர்.

அப்புறம் நடந்தவை வேகமாக நடந்தன. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்பியும் யாஹூ 4 எம்பியும் கொடுத்துக்கொண்டிருந்த நாளில் 1 ஜிபி தருகிறோம் என்றார்கள், ஏப்ரல் முட்டாள் விளையாட்டு என்று பலர் நினைத்தார்கள். 2008இல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அதைச் சரியாகப் பயன்படுத்த ஒரு கூகுள் கணக்கு வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீராக்கியது. ஆனால் அதற்குள் ஜனங்களின் பேச்சு வாட்ஸ்அப்புக்குக் குடிபோயிருந்தது. கோடிக்கணக்கான போன்களில் ஜிமெயில் செயலி ஒரு மூலையில் சிவப்பு எண்ணோடு உட்கார்ந்திருக்க, யாரும் அதைத் திறக்கவில்லை. பேசுவதற்கு ஒன்று, முகவரியாகக் கொடுப்பதற்கு இன்னொன்று என்று பாகப் பிரிவினை முடிந்துவிட்டது.

ஆனால் முகவரி கேட்கிறவர்கள் அதை முகவரியாகத்தான் நினைக்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வு, நீட், டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு, வருமான வரி, பிஎஃப், ரயில் டிக்கெட், இன்சூரன்ஸ் என எல்லா இடத்திலும் மெயில் ஐடி கேட்பார்கள். கொடுத்தால், முக்கியமான தகவலை அங்கே அனுப்பிவிட்டுத் தங்கள் கடமை முடிந்தது என்று இருப்பார்கள். முகவரி கொடுத்தவருக்கோ அப்படி ஒரு பெட்டி இருப்பதே நினைவில்லை. எங்கள் தெருவில் போன் பிரச்சினை என்றால் என்னிடம் வருவார்கள்; அதில் அடிக்கடி கேட்கிற புகார், "மெயில் அனுப்பினோம்னு சொல்றாங்க சார், எனக்கு வரவே இல்ல." பார்த்தால் பெரும்பாலும் வந்திருக்கும். சில சமயம் உண்மையிலேயே வந்திருக்காது. அந்தச் சில சமயம்தான் சுவாரசியமானது.

முதல் குற்றவாளி இடம். ஜிமெயில், கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாக 15 ஜிபி. 2021 ஜூன் 1 வரை போட்டோஸில் ஓரளவு சுருக்கி ஏற்றிய படங்கள் அந்தக் கணக்கில் வராது. அன்றிலிருந்து வரத் தொடங்கின. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் ரொம்ப நாள் கணக்கில் இல்லாமல் இருந்தது. 2024 வாக்கில் அதுவும் இந்த 15 ஜிபிக்குள் அடைக்கப்பட்டது. இப்போது ஒரு சராசரிக் குடும்பப் போனை நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் இருபது குழுக்களிலிருந்து ரோஜாப்பூ காலை வணக்கம், பிள்ளையார், முருகர், கல்யாண வீடியோ, யாரோ அனுப்பிய மூலிகை வைத்தியம். எல்லாம் ராத்திரியில் பேக்கப் ஆகிறது. ஒருநாள் 15 ஜிபி நிரம்புகிறது. வாட்ஸ்அப் வழக்கம்போல ஓடும், ரோஜாப்பூ தொடர்ந்து வரும். ஆனால் மெயில் மட்டும் நின்றுவிடும். இன்டர்வியூ தேதியைச் சொல்லும் மெயில் வாசலில் திருப்பி அனுப்பப்படும். திரும்பி வந்த தகவலை அனுப்பிய இடத்தில் யாராவது பார்ப்பார்களா என்றால், அனுப்பியது ஒரு கணினி. அந்தக் கணினியின் திரும்பல்களை யாரும் திறப்பதில்லை. பெறுபவருக்கு "இடம் நிரம்பிவிட்டது" என்று ஜிமெயில் எச்சரித்திருக்கும். அது ஜிமெயிலுக்குள்தான் பளிச்சென்று இருக்கும். அங்கேதான் அவர் போவதில்லையே.

மருந்து எளியதுதான். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவையும் சேர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது; அதை மட்டும் அணைத்தாலே பல போன்களில் பாதி இடம் மீளும். காசு கட்டி இடம் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது, வந்தும் மணி அடிக்காத மெயில். 2013இல் ஜிமெயில் உள்பெட்டியைத் தாவல்களாக (டேப்) பிரித்தது: முதன்மை, விளம்பரம், சமூகம் என்று. விளம்பரத் தாவலில் விழும் மெயிலுக்கு போன் வழக்கமாகச் சத்தம் போடாது. கல்லூரியோ கம்பெனியோ ஒரே மெயிலை ஆயிரம் பேருக்கு அனுப்பினால் அது விளம்பரம் மாதிரித் தெரிந்து அங்கே போய்விழ நிறைய வாய்ப்பு உண்டு. ஸ்பேமில் விழுந்தால் 30 நாளில் தானாக அழியும். எதையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கிற காலத்தில் இரண்டையும் திறந்து பார்த்துவிடுவது, வாசலில் மட்டும் நில்லாமல் கொல்லைப்புறமும் எட்டிப் பார்ப்பது போல.

மூன்றாவது பேட்டரி. தபால்காரர் வாசலுக்கு வர வேண்டுமென்றால் போன் சர்வரோடு ஒரு தொடர்பை எப்போதும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு செயலியும் தனித்தனியாக அப்படிப் பிடித்தால் மத்தியானத்துக்குள் சார்ஜ் காலி. அதனால் ஆண்ட்ராய்டில் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக கூகுள் ஒரே தொடர்பை வைத்திருக்கிறது. ஐபோனில் ஆப்பிளும் அப்படியே. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, அசையாமல் கிடக்கும் போனை அரைத்தூக்கத்தில் ஆழ்த்தும் வசதியைச் சேர்த்தது. அது போதாதென்று, மலிவு போன் தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் பங்குக்கு ஒரு பேட்டரி சேமிப்பானை வைத்து, அடிக்கடி திறக்காத செயலியைப் பின்னணியில் கழுத்தை நெரித்துவிடுகிறார்கள். அடிக்கடி திறக்காத செயலி எது? மெயில்தான். பார்க்காததால் வராது, வராததால் பார்ப்பதில்லை. போனின் பேட்டரி அமைப்புக்குள் போய் ஜிமெயிலுக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கினால் மணி திரும்ப அடிக்கத் தொடங்கும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பெயருக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைப் பார்த்ததும் ஒருவர் அப்பா பெயரை முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார், மூன்றாமவர் ஒரு புள்ளியை மட்டும் வைப்பார். குமார், செல்வி, முருகன் என்ற பெயர்களில் எப்போதோ எல்லா முகவரியும் தீர்ந்துவிட்டது. எனவே எண்ணை ஒட்ட வேண்டும். ஒட்டிய எண்ணை மறந்து, வங்கியில் வெறும் பெயரை எழுதிக் கொடுத்தால், அந்த முகவரிக்கு உரிய வேறொரு குமாருக்குப் போகும் உங்கள் கணக்கு விவரம். புள்ளியைப் பற்றிய குழப்பம் தனி. ஜிமெயில் முகவரியில் பெயருக்கு நடுவே வரும் புள்ளியை கூகுள் கண்டுகொள்வதே இல்லை; புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிதான். புள்ளி வைத்தால் தனி முகவரி என்று நம்பி எழுதிக் கொடுக்கிறவர்களின் மெயில்கள் எனக்கே வந்திருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவரின் பைக் இன்சூரன்ஸ் புதுப்பிப்பு நாள் எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்பதுதான் சந்தேகம்.

இதே இனிஷியல், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பிடிஎஃப்பிலும் காலை வாரும். இணையத்தில் இறக்கும் இ-ஆதாருக்கு, பெயரின் முதல் நான்கு எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, பிறந்த ஆண்டைச் சேர்க்க வேண்டும். ஆதாரில் இனிஷியலும் புள்ளியும் முன்னால் இருந்தால் அவையும் நான்கில் சேர்த்தி! முதலாவது இனிஷியல், இரண்டாவது புள்ளி, பெயரிலிருந்து இன்னும் இரண்டு எழுத்து. இது தெரியாமல் பெயரின் நான்கு எழுத்தை அடித்து அடித்து, "லிங்க்கு தப்பு போல" என்று விட்டவர்கள் பலர்.

போன் தொலைந்தால் என்ன ஆகும்? மேசைக் கணினியில் மெயில் பார்த்த தலைமுறைக்கு பாஸ்வேர்டு தினம் விரலில் இருந்தது. போன் தலைமுறை அதை ஒரே ஒருமுறை அடிக்கிறது, அதையும் கடைப்பையன் அடித்தான். மறந்துபோனால் மீட்க, பதிந்திருக்கும் மொபைல் எண்ணுக்கு ஓடிபி வரும். அந்த எண் யாருடையது? அவசரத்தில் கடைப்பையன் தன் எண்ணைப் போட்டிருக்கலாம். உங்கள் எண்ணே என்றாலும், ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் துண்டிக்கப்பட்டால் 90 நாள் கழித்து அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். அப்போது உங்கள் மெயிலுக்கான சாவி முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைப்பையில். எண்ணை மாற்றினால் முதலில் கூகுள் கணக்கில் மாற்ற வேண்டும், உறவினர்களுக்குச் சொல்வதெல்லாம் அதன் பிறகு. இன்னொன்று: இரண்டு ஆண்டு எந்தச் சாதனத்திலும் தொடப்படாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிருக்கிறது. போனில் அந்தக் கணக்கிலேயே யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், கணக்கு உயிரோடு இருக்கும். பழைய போனோடு கைவிட்ட கணக்குதான் போகும்; அதில் உங்கள் பத்தாம் வகுப்பு மார்க்ஷீட் இருந்தாலும் சேர்ந்து போகும்.

மொபைல் மெயிலை நம் ஊரில் ஒரு காலத்தில் உண்மையிலேயே உயிரோடு வைத்திருந்தது ஜெராக்ஸ் கடை. "இந்த ஐடிக்கு அனுப்புங்க" என்று கண்ணாடியில் ஒட்டிய தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்து, டிக்கெட்டையோ ஹால் டிக்கெட்டையோ அனுப்பி, பிரிண்ட் வாங்கிக்கொண்டு போவோம். அனுப்பிய ஆதாரும் பான் கார்டும் வங்கிப் பாஸ்புக்கும் கடைக்காரர் பெட்டியில் வருடக்கணக்கில் கிடக்கின்றன என்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய பாஸ்வேர்டு நல்லதா? இப்போது வாட்ஸ்அப்புக்கு அந்த வேலை மாறிவிட்டது, ஆபத்து மாறவில்லை.

போனில் எடுத்த சான்றிதழ் படங்களை அனுப்பும்போது ஒரு கணக்கு தட்டும். ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பி வரை என்பார்கள். ஆனால் பழைய மின்னஞ்சல் அமைப்பு எழுத்தை மட்டுமே சுமக்கும்படி கட்டப்பட்டது. படத்தை அனுப்ப அதை எழுத்தாக மாற்றியாக வேண்டும். மூன்று பைட் நான்காகும். எனவே சுமை மூன்றில் ஒரு பங்கு கூடும். அதனால்தான் 20 எம்பி கோப்பே சில இடங்களில் மூச்சுத் திணறி நிற்கிறது. ஒரு போட்டோ 4, 5 எம்பி வருகிற இன்றைய கேமராவில் ஐந்து பக்கமே அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஸ்கேன் செயலியில் எடுத்து ஒரே பிடிஎஃப்பாக்கினால் பெரும்பாலும் 2 எம்பிக்குள் அடங்கும். வாங்குகிறவரும் ஐந்து படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை.

மோசடி மெயில் கணினியைவிட போனில் எளிதாக ஏமாற்றும். அதற்குக் காரணம் திரையின் அகலம். இடம் பற்றாததால் போன் அனுப்பியவரின் பெயரை மட்டும் காட்டுகிறது, முகவரியை மறைத்துவிடுகிறது. அந்தப் பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். 1982இல் மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை எழுதப்பட்டபோது, வலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் தெரிந்த ஆய்வாளர்கள். உறையின் மேல் எழுதிய பெயர் உண்மையா என்று சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. சோதனைகள் பின்னால் ஒட்டுப்போடப்பட்டவை. மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு அவற்றை கூகுளும் யாஹூவும் கட்டாயமாக்கியதே 2024 பிப்ரவரியில்தான். கணினியில் லிங்க்கின் மேல் சுட்டியை வைத்தால் உண்மையான முகவரி கீழே தெரியும். போனில் விரலை வைத்தால் திறந்தேவிடும்; அழுத்திப் பிடித்தால்தான் முகவரி தெரியும். பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பார்ப்பது, லிங்க்கை அழுத்திப் பிடித்துப் பார்ப்பது, இந்த இரண்டு விரல் பழக்கமும் வந்துவிட்டால் வருமான வரி ரீஃபண்ட் வந்திருக்கிறது என்ற பொய் மெயில்களில் பாதி உதிர்ந்துவிடும். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. வங்கி இணையதளங்கள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று கெடு வைத்தது. அந்த வால் எல்லாருக்கும் கிடைக்காது, வங்கிகளுக்கு மட்டும்தான். அப்படியும் பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிராமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடிக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் பிடித்தால்தான் உண்டு.

வேலைக்குப் போகிறவர்களின் மெயில் வேறு உலகம். சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கும் ஒருவரின் வாடிக்கையாளர் அமெரிக்காவில் காபி குடித்துக்கொண்டே மெயில் தட்டும்போது இங்கே ராத்திரி ஏழு, எட்டு மணி. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் அதிரும். அனுப்புகிறவர் இப்போதே பதில் வேண்டும் என்று நினைத்திருக்கவே மாட்டார். மேனேஜரும் நகலில் இருப்பதால் வாங்குகிறவர் சும்மா இருக்க முடியாது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் 2011இல் இதற்கு ஒரு வழி செய்தது. தொழிற்சங்கத்தோடு பேசி, ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் ஊழியர்களின் பிளாக்பெர்ரிக்கு மெயில் தள்ளுவதை சர்வரே நிறுத்திவிடும், அடுத்த ஷிஃப்டுக்கு அரை மணி முன்புதான் திறக்கும் என்று ஏற்பாடு. பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் இதைப் பற்றித் தொழிலாளர்களோடு பேசித் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. இந்தியாவில் மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஃபோக்ஸ்வாகன் முறை எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், அதில் "நான் பார்க்க மாட்டேன்" என்று ஊழியர் வீரம் காட்டத் தேவையில்லை. குழாயை மேலேயே அடைத்துவிட்டார்கள்.

சொந்தப் போனில் கம்பெனி மெயிலைப் போடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்பு அலுவலக மெயிலைச் சேர்க்கும்போது "இந்தச் சாதனத்தை அழிக்க அனுமதி" என்ற வரிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் போடுவோம். வேலையை விட்ட அன்று அலுவலகம் பொத்தானை அழுத்தினால் மொத்தப் போனும் துடைத்துப் போகும். என் நண்பர் ஒருவர் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை இப்படித்தான் இழந்தார். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5இலிருந்து வேலைக்கென்று தனி அறை வைக்கலாம். சின்னப் பெட்டிக் குறியோடு இருக்கும் செயலிகள் அந்த அறையில் இருப்பவை. கம்பெனி அந்த அறையை மட்டும்தான் காலி செய்ய முடியும். ராத்திரியில் அந்த அறையை மட்டும் ஒரே தட்டில் தூங்க வைக்கவும் முடியும். ஃபோக்ஸ்வாகன் இல்லாதவர்களுக்கு அது ஒரு சின்னக் குழாய் மூடி.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு கட்டைவிரலால் "ஓகே, கன்ஃபர்ம்" என்று அடித்து அனுப்புகிறோமே, அதற்கு எடை உண்டா? உண்டு. டிரைமெக்ஸ் என்ற துபாய் நிறுவனம், வேதாந்தா அலுமினியத்துக்கு பாக்சைட் விற்க 2007 அக்டோபரில் மெயிலிலேயே விலை சொன்னது. மறுநாள் மெயிலிலேயே ஐந்து கப்பல் சரக்குக்குச் சம்மதம் வந்தது. பிறகு தகராறு. முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லையே என்றது வேதாந்தா. மெயில்களிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, தனியாகக் காகிதம் தேவையில்லை என்று 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பெழுதியவர் நீதிபதி சதாசிவம், பவானிப் பக்கத்துக்காரர், பின்னாளில் தலைமை நீதிபதி. இதில் நமக்கும் லாபம் உண்டு. வாடகை முன்பணம், சம்பள பாக்கி, சரக்கு விலை என்று எதையாவது வாயால் பேசி முடித்தால், "இன்று பேசியபடி" என்று தொடங்கி நாலு வரி மெயில் போட்டுவிட்டால் போதும், பிற்பாடு கைகொடுக்கும். நீதிமன்றத்துக்கு ஸ்கிரீன்ஷாட்டின் பிரிண்ட் மட்டும் போதாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும் வேண்டும். எனவே மூல மெயிலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

எழுதுவதைப் பற்றி ஒன்று. நம் பள்ளிகளில் கடிதம் எழுதச் சொல்லித் தந்திருக்கிறார்கள்: அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா. அந்தப் 'பொருள்' தான் மெயிலின் தலைப்புக் கட்டம். எட்டாம் வகுப்பில் அதற்கு ஒரு மதிப்பெண் வாங்கியவர்கள், போனில் அதைக் காலியாக விட்டு, உடலையும் காலியாக விட்டு, பயோடேட்டாவை மட்டும் இணைத்து அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் பழக்கம், அங்கே படத்தைப் போட்டால் போதும். ஆள் எடுக்கும் ஒருவர் பெட்டியில் தலைப்பே இல்லாத நாற்பது மெயில் கிடந்தால் எதைத் திறப்பார்? ஆங்கிலம் சரியாக வராது என்ற தயக்கமும் இதில் இருக்கிறது. தமிழில் எழுதலாமே என்றால், ஒரு காலத்தில் அதற்கு இருவரிடமும் ஒரே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிறுக்கலாகத் தெரியும். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. யூனிகோடு அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டது. முத்து நெடுமாறனின் செல்லினம் போன்ற விசைப்பலகைகள் போனில் தமிழை எளிதாக்கின. 2017இல் கூகுள் குரல் தட்டச்சில் தமிழும் சேர்ந்தது. இப்போது பேசினாலே மெயில் தமிழில் வந்துவிடும். பஞ்சாயத்து அலுவலகத்துக்கோ மின்வாரியத்துக்கோ அனுப்பும் புகாரை ஏன் அரைகுறை ஆங்கிலத்தில் திணற வேண்டும்?

போன வாரம் பக்கத்து வீட்டு அத்தை பழைய போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேரனுக்கு ஏதோ உதவித்தொகை, அவர் மெயிலுக்கு வந்திருக்கிறதாம். பாஸ்வேர்டு கேட்டேன். பால் கணக்கு எழுதும் நோட்டைக் கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தில் கடைப்பையன் கையெழுத்து: அத்தையின் பெயர், நான்கு இலக்கம், கீழே பாஸ்வேர்டாகக் கடையின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். அடித்தேன், திறந்துகொண்டது. 4,216 படிக்காத மெயில். "எல்லாம் எனக்கா வந்துது?" என்றார் அத்தை. முதலில் பாஸ்வேர்டை மாற்றினோம், அதே நோட்டில் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார்.